எச்சித்தண்ணி டெஸ்ட்டும் 4,999 ரூவா வயித்து டப்பாவும்: வாங்கி ஏமாந்தவ எழுதுத ரிவ்யூ

மொதல்லயே சொல்லிருதேன், அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார். கம்பெனி பேரக் கேட்டு யாரும் வராதீங்க, போட மாட்டேன், ஏன்னா இதே மாதிரி டப்பாவ இப்பம் ஏழெட்டு பேரு விக்காவ, மேல ஒட்டுன சீட்டு தான் வேற வேற. இன்ஸ்டாவுல ஒரு பொண்ணு வயித்தத் தடவிக்கிட்டே பேசும்லா, "உங்க வயித்துப் பொருமலுக்குக் காரணம் ஈஸ்ட்டா குளூட்டனா, வீட்டுலயே கண்டுபிடிங்க"ன்னு, அந்த ரகம். (ஈஸ்ட்டுன்னா ஒடம்புல இருக்க ஒரு பூஞ்சை, குளூட்டன்னா கோதுமை, பார்லில இருக்க ஒரு புரதம்.) டெலிவரிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது, மூணாம் நாளே பாளையங்கோட்டைக்கு வந்துட்டு.

உள்ள என்ன இருந்துச்சுன்னா, எச்சி துப்பிப் பாக்கதுக்கு கம்பெனி பேரு போட்ட ஒரு கண்ணாடி டம்ளர், விரல்ல குத்தி ரத்தம் எடுத்து அனுப்பதுக்கு ஒரு அட்டை, ரெண்டு பாட்டில் கேப்சூல் (ஒண்ணு ஈஸ்ட்ட கொல்லவாம், இன்னொண்ணு குளூட்டன செமிக்க வைக்கவாம்), ஆறு வாரத்துக்கு டயட் சார்ட்டு, என்ன சாப்பிட்டோம் என்ன செஞ்சுதுன்னு எழுதிக்கிட ஒரு நோட்டு, பொறவு வாட்ஸப்புல ஒரு கோச். அந்த நோட்டுக்குத் தான் அரை ஸ்டார், அத கடைசில சொல்லுதேன்.

எனக்கு எதுக்கு இது தேவைப்பட்டுச்சுன்னு சொன்னா தான் மத்தது புரியும். நான் வீட்டுல இருந்து பிளவுஸ் தைக்கேன், நாளு பூரா உக்காந்த வேலை. போன வருசம் ஆனித் தேரோட்டம் சமயத்துல யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் மாத்திரை தின்னேன், அதுக்குப் பொறவு அரிப்பும் வெள்ளைப்படுதலும். களிம்பு போட்டா போவும், ரெண்டு மாசத்துல திரும்ப வரும், அப்படியே மூணு தடவை. அது ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் சாயங்காலம் ஆனா வயிறு தவுல் கணக்கா ஊதிக்கிடும், பாவாடை நாடாவ நாலு மணிக்கு ஒருக்க தளத்தணும். சும்மா சொல்லல, டேப் எப்பவும் கழுத்துல தான தொங்குது, காலைல எந்திரிச்ச ஒடனே தொப்புளுக்கு நேரா அளந்தா 34 இஞ்சு, ராத்திரி 37. மூணு இஞ்சு! பிளவுஸ்ல மூணு இஞ்சு தப்புன்னா கஸ்டமர் என் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிருவாவ. கூடவே அசதி, அப்பப்ப வாய்ப்புண்.

இத ஒரு கஸ்டமர் அக்காகிட்ட சொல்லப் போக, அவிய "ஏட்டி அது குளூட்டன் டி, எம்மவ பெங்களூர்ல கோதுமைய விட்டா, மூணே வாரத்துல எல்லாம் போயிட்டு"ன்னாவ. அன்னைக்கு ராத்திரியே போன்ல இந்த விளம்பரம் வந்துட்டு. போனு நம்ம பேசுதத கேக்கோன்னு எனக்கு அப்பவே சந்தேகம், அத விடுங்க.

வாங்கதுக்கு முன்னாடி ஒரு கேள்வித்தாள் வரும். இனிப்பு திங்கணும்னு தோணுமா, மத்தியானம் அசதியா இருக்குமா, வயிறு ஊதுமா, மறதி உண்டா, எரிச்சல் வருமா. இதுக்கெல்லாம் இல்லைன்னு சொல்லுத ஒரு ஆள எங்க தெருவுல காட்டுங்க பாப்போம். எனக்கு "கேண்டிடா மிக அதிகம்"ன்னு வந்துச்சு, கேண்டிடான்னா அந்த ஈஸ்ட்டோட பேரு தான். எங்க வீட்டுக்காரவ வெளையாட்டுக்குப் போட்டாவ, அவியளுக்கும் அதிகம். அத்தைக்கு 72 வயசு, இன்னும் கெணத்துல தண்ணி எறைப்பாவ, அவியளுக்கும் அதிகம். அப்பமே எனக்குப் புத்தி வந்திருக்கணும், வரல, பணத்தக் கட்டிட்டேன்.

எச்சி டெஸ்ட்டுக்கு வாரேன். காலைல பல்லு வெளக்கதுக்கு முன்னாடி டம்ளர் தண்ணில துப்பிட்டு வச்சிரணும், அரை மணி நேரத்துல எச்சில இருந்து நூலு நூலா கீழ எறங்குனா ஒடம்பு பூரா ஈஸ்ட்டு பெருகியிருக்குன்னு அர்த்தமாம். எனக்கு நூலு எறங்குச்சு. வீட்டுல எல்லாரையும் துப்பச் சொன்னேன், எல்லாருக்கும் எறங்குச்சு, சின்னவனுக்கு தான் ஜாஸ்தி, அவன் அப்பம் சளி புடிச்சி கெடந்தான். அது தான் விசயமே. எச்சில சளிப்பசை இருக்கு, அது கனத்துக்குக் கீழ எறங்கும், ராத்திரி தண்ணி குடிக்காம படுத்தா இன்னும் கெட்டியா எறங்கும். ஈஸ்ட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்னொண்ணு, கேண்டிடா ஆல்பிகன்ஸ்ங்குத அந்த ஈஸ்ட்டு நல்லா இருக்க மனுசங்க வாயிலயும் குடல்லயும் சும்மாவே குடியிருக்கது. "இருக்கா"ன்னு டெஸ்ட் எடுத்தா பாதிப் பேருக்கு இருக்குன்னு தான் வரும். இருக்கது வேற, படை எடுத்து நிக்கது வேற.

ரத்தம் அனுப்புன அட்டைக்கு பத்து நாள்ல பிடிஎஃப் வந்துச்சு, பாக்க ரொம்ப அழகு, பச்சை மஞ்சள் சிவப்புன்னு. சிவப்புல என்னெல்லாம்னா கோதுமை, தயிரு, முட்டை, உளுந்து, தேங்கா. தேங்கா! திருநெல்வேலில தேங்காய விட்டுட்டு நான் என்னத்த சமைக்க, சொதி வைக்கவா அவியல் வைக்கவா. பச்சைல என்ன தெரியுமா, அவகாடோ, சால்மன் மீனு, புரோக்கோலி. நான் வாழ்க்கைல கண்ணால பாக்காத சாமான் எல்லாம் எனக்கு ஒத்துக்கிடுமாம், தெனம் திங்கது எதுவும் ஒத்துக்கிடாதாம். பொறவு தான் காரணம் தெரிஞ்சுது. அவங்க பாக்கது ஐஜிஜி ஆன்டிபாடி, ரத்தத்துல இருக்க ஒரு எதிர்ப்புப் பொருள். அது நாம எத அடிக்கடி சாப்பிடுதோமோ அதுக்கு ஒடம்புல இருக்கத் தான் செய்யும், "இத நான் பாத்திருக்கேன்"னு ஒடம்பு போட்டு வச்ச குறிப்பு மாதிரி. ஒத்துக்கிடலன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அமெரிக்காலயும் ஐரோப்பாலயும் இருக்க அலர்ஜி டாக்டர்கள் சங்கங்களே இந்த டெஸ்ட்ட வச்சி சாப்பாட்ட நிப்பாட்டாதீங்கன்னு பல வருசமா சொல்லிக்கிட்டு தான் இருக்காவ. சுருக்கமாச் சொன்னா எங்க வீட்டு மளிகை லிஸ்ட்ட எனக்கே கலர் அடிச்சி திருப்பி அனுப்பிருக்காவ.

சார்ட்டு அதுக்கு மேல. கோதுமை, மைதா, பார்லி கூடாது. சீனி, கருப்பட்டி, தேன், பழம் கூடாது. புளிச்சது எதுவும் கூடாதுன்னு இட்லி தோசையும் போச்சு, ஈஸ்ட்டுக்குத் தீனியாம். பாலு, காப்பியும் கூடாது. இவ்வளவையும் வெட்டிட்டு செவ்வாக்கிழமை காலைல என்ன போட்டுருக்குன்னு பாத்தா "காய்கறி ரவா உப்புமா". ரவைங்கது கோதுமைய ஒடைச்சது தானய்யா! குளூட்டன் இல்லாத சார்ட்டுன்னு காசு வாங்கிட்டு ரவைய போட்டுருக்கவன நான் என்ன சொல்ல. கோச்சுகிட்ட கேட்டா "சிஸ்டம் ஜெனரேட்டட் மேம்"ன்னு பதில்.

அதே மாதிரி பெருங்காயம். கடைல விக்க கூட்டுப் பெருங்காயத்துல நெறைய பிராண்டுல மைதாவோ கோதுமை மாவோ தான் கலந்திருக்கும், டப்பாவத் திருப்பிப் பாருங்க, சிலதுல அரிசி மாவு. எங்க வீட்டுல இருந்தது மைதா போட்டது, அஞ்சு வாரமும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அத தான் போட்டேன். மால்ட் பவுடர்னு புள்ளைகளுக்கு ஆத்திக் குடுக்கோம்லா, அதுல பார்லி. மாவு மில்லுல மொத ஆளு கோதுமை திரிச்ச மெஷின்ல தான் நம்ம அரிசியும் விழுது. நெஜமாவே குளூட்டன் ஆகாத வியாதி இருக்கவங்களுக்கு இதெல்லாம் பெரிய விசயம், குளூட்டன் ஃப்ரீன்னு பாக்கெட்டுல போடணும்னா ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டு உணவுச் சட்டமே சொல்லுது. டப்பாக்காரன் இதுல ஒரு வார்த்தை சொல்லல.

கேப்சூல்ல ஓரிகானோ எண்ணெய், காப்ரிலிக் ஆசிட், பெர்பெரின்னு எழுதிருந்துச்சு. விளைவு என்னன்னா ஏப்பம் விட்டா பீட்சா கடை வாசம். துணி தைக்க வந்த புள்ள "யக்கா எதாவது ஆர்டர் பண்ணிருக்கீயளா"ன்னு கேட்டுட்டு. மூணாம் நாளு மண்டையப் பொளக்குத தலைவலி வந்து கோச்சுக்கு மெசேஜ் போட்டேன், "சூப்பர் மேம், அது டை-ஆஃப், கிருமி சாகும் போது விஷம் வெளிய வருது"ன்னாவ. அதாவது நல்லாருந்தா மருந்து வேலை செய்யுது, நல்லால்லாட்டி மருந்து இன்னும் ஜோரா வேலை செய்யுது. எப்படிப் போட்டாலும் தாயம் அவங்களுக்குத் தான். பதினஞ்சு வயசுல இருந்து நாளுக்கு நாலு காப்பி குடிச்சவ ஒரே நாள்ல நிப்பாட்டுனா தலை வலிக்கத்தான் செய்யும்னு அத்தை சொன்னாவ, எம்பிபிஎஸ் படிக்காமலே.

ஆனா நேர்மையாச் சொல்லணும்லா, ரெண்டாவது வாரத்துல வயிறு எறங்குச்சு. ராத்திரி 35, சில நாளு முக்கா இஞ்சு தான் வித்தியாசம். அரிப்பும் கொறஞ்சுது. நானே நாலு பேருகிட்ட டப்பாவப் பத்திப் பெருமையாப் பேசுனேன், அந்த நாலு பேருகிட்டயும் இப்பம் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.

தப்பு எங்கன இருக்குன்னு எனக்குப் புரிய வச்சது அல்வா தான். கோச்சு கேட்டா, "அல்வா சாப்பிட்டா உங்களுக்கு வயிறு ஊதுமா?" ஊதும்னேன். "அப்பம் கன்ஃபார்ம் மேம்"ன்னா. என்ன கன்ஃபார்ம்னு கேட்டேன், "ரெண்டுமே"ன்னா. யோசிச்சிப் பாருங்க, நம்ம அல்வா என்னது, சம்பா கோதுமைய ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து அதுல சீனியும் நெய்யும் ஊத்திக் கிண்டுனது. குளூட்டன் கட்சிக்காரன் கோதுமையக் கைகாட்டுவான், ஈஸ்ட்டு கட்சிக்காரன் சீனியக் கைகாட்டுவான், நெய்ய யாரும் கண்டுக்கிட மாட்டான், ஒக்காந்த எடத்துல கால் கிலோவ உள்ள தள்ளுன என்னையும் யாரும் கேக்க மாட்டான். சார்ட்டும் அதே கதை தான். கோதுமையையும் சீனியையும் பாலையும் ஒரே நாள்ல நிப்பாட்டிட்டு வயிறு நல்லாருக்குன்னா எதுனால நல்லாருக்கு? புரோட்டா, பப்ஸ், பன்னு, கேக்கு, பிஸ்கட்டு எல்லாத்தையும் விட்டா எந்த வயிறும் நல்லாத்தான் இருக்கும். எது காரணம்னு கண்டுபிடிச்சித் தாரேன்னு காசு வாங்குனவன், கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி எல்லாத்தையும் போட்டு கொழப்பிட்டான். என் கோவம் அந்த ரவா உப்புமா மேல கூட இல்ல, இதுல தான்.

அஞ்சாவது வாரம் அரிப்பு திரும்ப வந்துட்டு. அப்பம் தான் எங்க வீட்டுக்காரவ புடிச்சி இழுத்துக்கிட்டுப் போயி பாளையிலேயே ஒரு குடல் டாக்டரம்மாகிட்ட காட்டுனாவ. நான் பிடிஎஃப் எல்லாம் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வச்சி எடுத்துட்டுப் போனேன், அவிய அதத் தொறக்கவே இல்ல. மொதக் கேள்வியே "கோதுமைய நிப்பாட்டி எத்தனை நாளாச்சு?" அஞ்சு வாரம்னேன். "அடடா"ன்னு பேனாவ வச்சிட்டாவ.

இத எல்லாரும் கவனமா வாசிங்க, இந்த ரிவ்யூல உருப்படியான எடம் இது தான். சீலியாக்னு ஒரு வியாதி இருக்கு, அது அலர்ஜி இல்ல, கோதுமை பார்லில இருக்க குளூட்டன் உள்ள போனா நம்ம ஒடம்பே நம்ம சிறுகுடலத் தாக்கும், உள்ள இருக்க குடலுறிஞ்சி எல்லாம் தேஞ்சி சத்து ஏறாமப் போவும். அதக் கண்டுபிடிக்க டிடிஜி-ஐஜிஏன்னு ரத்த டெஸ்ட்டு, கூடவே மொத்த ஐஜிஏ (அதுவும் ஒரு வகை ஆன்டிபாடி) எவ்வளவுன்னும் பாக்கணும், ஏன்னா சில பேருக்கு ஐஜிஏவே கம்மியா இருக்கும், அவங்களுக்கு வியாதி இருந்தாலும் டெஸ்ட்டு இல்லைன்னு காட்டிரும். பாசிட்டிவ்னா பொதுவா எண்டோஸ்கோப்பி விட்டு சிறுகுடல்ல துளி சதை எடுத்துப் பாப்பாவ. ஆனா இது அத்தனையும் நீங்க கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தா தான் சரியாக் காட்டும். நிப்பாட்டிட்டா ஆன்டிபாடி கொறஞ்சிரும், குடலும் ஆறிரும், இருக்க வியாதியும் இல்லைன்னு வந்துரும். கோதுமை தான் இதுக்குக் காரணம்னு முன்னயே இருந்த சந்தேகம் ரொட்டி இல்லாமப் போனப்ப தான் பலப்பட்டுச்சாம், ரெண்டாம் உலகப்போர்ல நெதர்லாந்துல ரொட்டிக்குப் பஞ்சம் வந்தப்ப இந்த வியாதி இருந்த புள்ளைக தேறுச்சு, ரொட்டி திரும்ப வந்ததும் சீக்குத் திரும்ப வந்துச்சு, வில்லெம் டிக்கேன்னு ஒரு கொழந்தை டாக்டரு அதக் கவனிச்சி 1950ல ஆராய்ச்சியா எழுதுனாரு. நான் செஞ்சது என்னன்னா டெஸ்ட்டுக்கு முன்னாடியே பஞ்சத்த உண்டாக்கிட்டேன்.

அதனால திரும்ப ஆறு வாரம் தெனம் ரெண்டு வேளை கோதுமை தின்னுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாவ. (ரொம்ப முடியாமப் போறவங்க இத தானாச் செய்யக் கூடாது, டாக்டர கேட்டுட்டு தான்.) அவிய இன்னொண்ணும் சொன்னாவ, நம்ம பக்கம் இந்த வியாதி ரொம்பக் கம்மி. 2016ல வந்த ஒரு ஆய்வுல இருபத்தி மூவாயிரம் பேருக்கு மேல பாத்துருக்காவ, வடக்க நூத்துக்கு ஒருத்தருக்கு மேல அந்த ஆன்டிபாடி இருந்துச்சாம், தெக்க ஆயிரத்துக்கு ஒருத்தருக்குத் தான். அதுக்கு வேணும்ங்கிற ஜீனு நம்மகிட்டயும் அதே அளவுல தான் இருக்காம், திங்கது தான் வித்தியாசம், அங்க ஆளுக்கு நாளுக்கு 455 கிராம் கோதுமை, இங்க 25. அது வேலூர் பக்கத்துக் கணக்கு, செங்கோட்டை பார்டர்ல புரோட்டா கடை வாசல்ல நின்னு எடுத்திருந்தா என்ன வந்திருக்குமோ. கம்மின்னாலும் இல்லாம இல்ல, ரத்தம் ஏறாம இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாம இருக்கவங்க, ஒடம்பு மெலிஞ்சிக்கிட்டே போறவங்க, நாள்பட்ட வயித்தோட்டம், முழங்கை முழங்கால்ல அரிக்குத கொப்புளம், வீட்டுல யாருக்காவது சீலியாக்கோ டைப் 1 சர்க்கரையோ இருக்கவங்க கண்டிப்பாப் பாக்கணுமாம்.

"அப்பம் ஈஸ்ட்டு?"ன்னு கேட்டேன். "ஈஸ்ட்டு ஒளிஞ்சிருக்காதும்மா, கண்ணுக்குத் தெரியும்"ன்னாவ. நாக்குல சொரண்டுனா வாரமாதிரி தயிராடை கணக்கா வெள்ளை, மார்புக்கு அடில தொடை இடுக்குல செவந்து அரிக்கது, கீழ தயிரு மாதிரி வெள்ளைப்படுதலோட அரிப்பு, முழுங்குனா நெஞ்சுக்குள்ள வலி. அந்த எடத்துல தொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரிஞ்சிரும், மருந்து குடுத்தா பெரும்பாலும் நாலஞ்சு நாள்ல கேக்கும். குடல்லயும் சில பேருக்கு ஈஸ்ட்டு பெருகும், ஆனா அதுக்கு எண்டோஸ்கோப்பில சிறுகுடல் தண்ணி எடுத்து வளத்துப் பாக்கணும், டம்ளர்ல துப்பி முடியாது. அசதி, மறதி, பொருமல் எல்லாத்துக்கும் ஈஸ்ட்டு தான் காரணம்ங்குத கதை 1980கள்ல அமெரிக்கால கெளம்புனது, 1990லயே அத ஒழுங்கா டெஸ்ட் பண்ணிட்டாவ, 42 பொம்பளைகளுக்கு ஈஸ்ட்டு மருந்தும் டூப்பு மாத்திரையும் மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தா, கீழ இருந்த அரிப்பு மருந்துக்குக் கேட்டுச்சு, மத்த அசதி கிசதிக்கு மருந்தும் டூப்பும் ஒண்ணு தான். எனக்கு அதக் கேட்டப்ப ஒடம்பு சிலுத்துட்டு, என் கதைய முப்பது வருசம் முன்னாடியே எழுதி வச்ச மாதிரி. அரிப்பு ஒரு சீக்கு, பொருமல் வேற சீக்கு, ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுனது நானும் அந்த விளம்பரமும் தான்.

சரி அரிப்பு ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு அவிய கேட்ட கேள்விய டப்பாக்காரன் கேக்கவே இல்ல. "சுகரு பாத்தீயளா?" பாக்கல. 39 வயசு, எங்கம்மாவுக்கு சர்க்கரை, ஆனா எனக்குன்னு தோணவே இல்ல. வெறும் வயித்துல 171, மூணு மாச சராசரி (ஹெச்பிஏ1சி) 8.2 சதவீதம், 6.5 தாண்டுனாலே சர்க்கரைன்னு கணக்கு. சர்க்கரை ஏறுனா ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம், ஆன்டிபயாட்டிக் அதுக்குத் தொடக்கம் போட்டுக் குடுத்துருக்கு. அஞ்சு வாரம் இனிப்ப விட்டதுல ரத்தத்துல கொஞ்சம் கொறஞ்சி அரிப்பும் கொறஞ்சிருக்கலாம்னாவ. ஆக ஈஸ்ட்டுன்னு டப்பா சொன்னது குருட்டாம்போக்குல சரி தான், ஆனா எடமும் தப்பு காரணமும் தப்பு. 4,999 ரூவாய்க்கு டம்ளர் குடுத்தவன் ஒரு சுகர் டெஸ்ட்டு எடுக்கச் சொல்லிருந்தா அஞ்சு ஸ்டாரும் போட்டுருப்பேன்.

ஆறு வாரம் கழிச்சி டிடிஜி எடுத்தேன், மொத்த ஐஜிஏவும் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள தான் ஆச்சு. சீலியாக் இல்ல. கோதுமை அலர்ஜியும் இல்ல, அது வேற, தின்ன கொஞ்ச நேரத்துல தடிப்பு வீக்கம்னு வருமாம். பொறவு பொருமலுக்கு என்ன காரணம்னா, அதுக்கு டெஸ்ட்டே கிடையாது, ஒண்ணொண்ணா விட்டு ஒண்ணொண்ணா சேத்துப் பாருங்கன்னாவ. இங்கன தான் அந்த நோட்டு. ஒரு வாரத்துக்கு ஒரு சாமான், ராத்திரி எட்டு மணிக்கு டேப்ப வச்சி அளந்து எழுதுனேன். ரெண்டு சப்பாத்தியும் வெங்காயம் போடாத பருப்பும், 35. இட்லி, 34 முக்கா, பாவம் அத அஞ்சு வாரம் தள்ளி வச்சேன். காப்பி, ஒண்ணும் செய்யல. உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும், நல்லாருந்துச்சு, 35. புரோட்டா மூணு, சால்னா, வெங்காயப் பச்சடி, 37 கால்! அடுத்து கோதுமையே இல்லாம சோறும் சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் கொழம்பும், 36 முக்கா. அப்பம் மாட்டிக்கிட்டது கோதுமை இல்ல.

வெங்காயத்துலயும் பூண்டுலயும் ஃப்ரக்டான்னு ஒரு மாவுச்சத்து இருக்காம், அது யாருக்குமே சிறுகுடல்ல செமிக்காது, பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்க கிருமிக அதப் புளிக்க வச்சி வாயு உண்டாக்கும், சில வயிறு அதத் தாங்கும் சிலது தாங்காது. கோதுமைலயும் அதே ஃப்ரக்டான் இருக்கு. அதனால தான் கோதுமைய விட்டா சில பேருக்கு நல்லாருக்கு, பழி குளூட்டன் மேல விழுது. நார்வேல 2018ல குளூட்டன் ஆகலன்னு தானாவே முடிவு கட்டி விட்டிருந்த 59 பேருக்கு எது எதுன்னு சொல்லாம குளூட்டன் போட்ட தின்பண்ட பார், ஃப்ரக்டான் போட்ட பார், ரெண்டுமே இல்லாத பாருன்னு குடுத்துப் பாத்துருக்காவ, குளூட்டனுக்கும் சும்மா பாருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஃப்ரக்டானுக்குத் தான் குளூட்டன விட வயிறு ஊதிருக்கு. எல்லாருக்கும் அப்படின்னு நான் சொல்ல வரல, சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கிடாத ஆளுகளும் உண்டுன்னு டாக்டரம்மாவே சொல்லுதாவ. பாலு ஒத்துக்கிடாதது நம்ம ஊர்ல அதவிட ஜாஸ்தி. நான் சொல்லுதது, எதுன்னு அளந்து பாருங்க. உங்ககிட்ட டேப் இல்லைன்னா எங்கிட்ட வாங்க, பழசு ரெண்டு மூணு கெடக்கு.

கஸ்டமர் சர்வீஸ் பத்தி ஒரு வரி. ரீஃபண்ட் கேட்டேன், பாட்டில் தொறந்தாச்சுன்னா கிடையாதாம், தொறக்காம எப்படி திங்கன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. குளூட்டன செமிக்க வைக்குமாம்னு குடுத்த அந்த என்சைம் கேப்சூல் பாட்டில் இன்னும் பாதி இருக்கு, "இதப் போட்டுட்டு தாராளமா புரோட்டா சாப்பிடலாம்"னு அதுல எழுதிருக்கு, நெஜமாவே சீலியாக் இருக்கவங்க இத நம்பி சாப்பிட்டுறாதீங்க, அப்படிக் காப்பாத்துத மாத்திரை எதுவும் கிடையாது.

இப்பம் சுகர் மாத்திரை போடுதேன், அதுவும் மொத ரெண்டு வாரம் வயித்தக் கலக்கிட்டு, சாப்பாட்டோட போட்டா சரியாயிட்டு. அரிப்பு நாலு மாசமா வரல. வெங்காயத்தக் கொறச்சிக்கிட்டேன், ராத்திரி 35 தாண்டல. கோதுமை எனக்கு ஒண்ணும் செய்யலங்குதது நிரூபணம் ஆயிட்டு, ஆனா சர்க்கரைனால அல்வா அதோட போச்சு, நெல்லையப்பர் கோயில் பக்கம் போனா மூச்ச அடக்கிக்கிட்டு தான் நடக்கேன்.

போன வாரம் கோச்சு திரும்ப மெசேஜ் போட்டா, நான் நடந்ததெல்லாம் நீளமா எழுதி அனுப்புனேன். ஒரு கைகூப்புத பொம்மை, பொறவு "மேம், டயாபடிஸுக்கும் நம்மகிட்ட ஒரு கிட் இருக்கு, பழைய கஸ்டமருக்கு 20 பர்சென்ட் ஆஃப்". பிளாக் பண்ணிட்டேன். டம்ளர் மட்டும் தையல் மெஷின் பக்கத்துல இருக்கு, பாபின் போட்டு வச்சிருக்கேன்.